புரொஃபைலர் காட்டும் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்ற புகார் வந்ததும் பொறியாளர் முதலில் திறக்கும் கருவி புரொஃபைலர். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து, சதவீதமாகப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். பட்டியலில் முதலில் நிற்பதைத் திருத்தினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் வேலை தொடங்கும். அந்தப் பட்டியலை யாரும் கேள்வி கேட்பது அரிது. இவ்வளவு நம்பிக்கைக்கு அந்தக் கருவி தகுதியானதா என்பதை எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

தென்காசிக்கு இந்தக் கேள்வி தொலைதூரத்துச் சமாச்சாரம் அல்ல. ஜோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கியது. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மத்தளம்பாறையில் அதன் வளாகம் இருக்கிறது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் தென்காசி அலுவலகத்தில் வளர்ந்த மென்பொருள். அதே நிறுவனம் சைட்24×7 என்ற கண்காணிப்புச் சேவையையும் விற்கிறது. ஜாவா, டாட்நெட், பிஹெச்பி போன்றவற்றில் எழுதிய செயலிகளுக்குள் ஒரு ஏஜென்ட்டைப் பொருத்தி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆகும் நேரத்தை அளந்து காட்டுவது அதன் ஒரு பகுதி. வேகத்தை அளப்பது இந்த வட்டாரத்தில் பலருக்கு அன்றாடப் பிழைப்பு. அதனால் அளக்கும் கருவியின் தராதரமும் இந்த வட்டாரத்தின் கவலையாகிறது.

மதிப்பிட மூன்று அளவுகோல்கள் போதும். கருவி காட்டும் எண் சரியானதா? அந்த எண் பயனர் காத்திருந்த நேரத்தைப் பற்றியதா? எதைத் திருத்தினால் வேகம் கூடும் என்பதை அது சொல்கிறதா? மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றில் தேறியதை வைத்து மற்ற இரண்டிலும் தேறியதாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலில் கருவியின் பக்கத்து நியாயத்தை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். டொனால்ட் நூத் 1971-இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பொதுவாக ஒரு நிரலின் நான்கு சதவீதத்துக்கும் குறைவான பகுதியே ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். எழுதியவருக்கே அந்த நான்கு சதவீதம் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அனுபவம் உள்ளவர்களின் ஊகம்கூட இதில் அடிக்கடி தவறும். அளந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை என்ற முடிவு அங்கிருந்து வந்தது. 1982-இல் பெர்க்லியில் சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்கூசிக் மூவரும் ஜிப்ரோஃப் என்ற கருவியை வெளியிட்டார்கள். எந்த ஃபங்ஷன் நேரம் எடுக்கிறது என்பதோடு, யார் கூப்பிட்டதால் எடுக்கிறது என்பதையும் அது காட்டியது. இன்றைய கருவிகள் பலவும் அந்த எண்ணத்தின் வாரிசுகள்.

புரொஃபைலரைச் சரியாகப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எஸ்க்யூலைட்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நம் கைபேசிகளுக்குள் எல்லாம் ஓடும் அந்தத் தரவுத்தளத்தின் 3.8.7 பதிப்பு 2014-இல் வந்தது. சுமார் ஒன்றரை ஆண்டு முந்தைய 3.7.17 பதிப்பைவிட அது 50 சதவீதம் வேகமானது என்று அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் அறிவித்தார். ஒரே ஒரு பெரிய திருத்தத்தால் வந்த பலன் அல்ல இது. ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவாகவே உதவும் நூற்றுக்கணக்கான சிறு திருத்தங்களின் கூட்டுத்தொகை. அவ்வளவு சிறிய முன்னேற்றத்தைக் கடிகாரத்தால் பிடிக்க முடியாது. அவர்கள் கேஷ்கிரைண்ட் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அது நேரத்தை அளக்காமல், நிரல் நிறைவேற்றிய கட்டளைகளை எண்ணுகிறது. இரண்டாம் முறை ஓட்டினாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். எதை அளக்கிறோம் என்று தெரிந்து, மறுபடியும் அதே விடை தரும் அளவையைத் தேர்ந்ததால் வந்த வெற்றி இது. அந்த 50 சதவீதமும் சிபியூ வேலையைப் பற்றியதுதான் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இனி அளவுகோல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி, எண் சரியானதா என்பது. புரொஃபைலர்களில் இரண்டு வகை. ஒரு வகை ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் முடிவிலும் கூடுதல் நிரலைச் செருகி நேரம் குறித்துக்கொள்ளும். இன்னொரு வகை நொடிக்கு இத்தனை முறை என்று எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று மாதிரி எடுக்கும்.

செருகும் வகையில் எண்ணிக்கை துல்லியம். ஒரு ஃபங்ஷன் பத்தாயிரம் முறை கூப்பிடப்பட்டது என்று அது சொன்னால் நம்பலாம். நேரத்தில்தான் சிக்கல். சாதாரண சர்வரில் ஒரு முறை கடிகாரம் பார்க்கவே இருபது, முப்பது நானோ நொடி ஆகும். சில நானோ நொடியில் முடியும் சின்ன ஃபங்ஷனுக்குள் அதைச் செருகினால், அளக்கப்படும் வேலையைவிட அளக்கும் வேலை பெரிதாகிவிடும். அதோடு, கம்பைலர் வழக்கமாகச் சின்ன ஃபங்ஷன்களைக் கூப்பிடுபவற்றோடு சேர்த்து ஒட்டிவிடும். செருகல் அந்த ஒட்டலைத் தடுக்கலாம். அப்போது நாம் அளப்பது வாடிக்கையாளரிடம் ஓடும் நிரலை அல்ல, அதன் இன்னொரு வடிவத்தை.

மாதிரி எடுக்கும் வகையில் சுமை குறைவு. ஆனால் அதன் விடை ஒரு புள்ளியியல் மதிப்பீடு என்பது மறந்துபோகிறது. லினக்ஸின் பெர்ஃப் கருவியை நொடிக்கு 99 முறை என்று வைத்து முப்பது நொடி ஓட்டுவது பரவலான பழக்கம். 100 என்று வைத்தால் நிரலுக்குள் ஒழுங்கான இடைவெளியில் நடக்கும் வேலைகளோடு தாளம் ஒத்துப்போய் விடை ஒரு பக்கம் சாயலாம் என்பதால் 99. எப்போதும் வேலையில் இருக்கும் ஒரு சிபியூ கோரில் 2,970 மாதிரிகள் கிடைக்கும். ஒரு ஃபங்ஷனின் பங்கு ஒரு சதவீதம் என்றால் அது ஏறக்குறைய 30 மாதிரிகளில் தென்பட்டிருக்கிறது. தற்செயலால் மட்டுமே அந்த 30 என்பது 20 ஆகவோ 40 ஆகவோ மாறலாம். ஆகவே திருத்தத்துக்கு முன் 1.3 சதவீதம், பின் 1.0 சதவீதம் என்று பட்டியல் காட்டினால் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் ஒரு ஃபங்ஷன் 40 சதவீதம் என்று வந்தால் அந்த எண் தற்செயலால் சில சதவீதத்துக்கு மேல் தவறாது. மாதிரிப் புரொஃபைலர் பெரியதைக் காட்டுவதில் வல்லது, சிறியதை ஒப்பிடுவதில் பலவீனமானது.

இது தற்செயலால் வரும் பிழை. மாதிரிகளைக் கூட்டினால் குறையும். எவ்வளவு கூட்டினாலும் குறையாத பிழையும் உண்டு. ஜிப்ரோஃபையே எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசைப்படுத்தும் ஃபங்ஷனை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முறை கூப்பிடுகிறார்கள். ஒருவர் கொடுப்பது பத்து பெயர்கள், மற்றவர் கொடுப்பது பத்து லட்சம் பெயர்கள். ஆன நேரத்தை ஜிப்ரோஃப் இருவர் தலையிலும் சரிபாதியாகக் கட்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரே நேரம் ஆகும் என்ற அனுமானத்தில் அது கணக்குப் போடுவதால் வரும் விளைவு இது.

ஜாவா உலகில் இதைவிடக் கடுமையான ஒரு சோதனை நடந்தது. டாட் மிட்கோவிச், அமர் திவான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-இல் பரவலாகப் பயன்பட்ட நான்கு ஜாவா புரொஃபைலர்களை ஒரே நிரல்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அதிக நேரம் எடுக்கும் மெத்தட் எது என்பதிலேயே அவை அடிக்கடி முரண்பட்டன. எனவே எல்லாமே சரியாக இருக்க வழியில்லை. ஜாவா இயந்திரம் ஓர் இழையை (த்ரெட்) நிறுத்தத் தோதான குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அவை மாதிரி எடுத்தது முக்கியக் காரணம். உண்மையில் நேரம் தின்பது ஒரு நெருக்கமான லூப்பாக இருக்கும். மாதிரி விழுவதோ அதற்குப் பிறகு வரும் அப்பாவி மெத்தட்டில். இந்தக் குறையைத் தவிர்க்கவே அசிங்க்-புரொஃபைலர் போன்ற கருவிகள் பிறகு வந்தன. அதே குழுவினர் ஓராண்டு முன்பு இன்னொன்றையும் காட்டியிருந்தார்கள். சுற்றுச்சூழல் மாறிகளின் அளவு, கோப்புகளை இணைக்கும் வரிசை போன்ற, நிரலோடு சம்பந்தமே இல்லாத விஷயங்கள் மாறினால்கூட நிரலின் வேகம் மாறலாம். ஒரு திருத்தம் பலன் தந்ததா இல்லையா என்ற முடிவே அதனால் புரண்டுவிடலாம்.

ஆக முதல் அளவுகோலில் புரொஃபைலர் நிபந்தனையோடு தேறுகிறது. இன்னொரு கருவியும் ஒத்துக்கொண்டால் பெரிய எண்களை நம்பலாம். சிறிய வித்தியாசங்களை நம்பக் கூடாது. ஒரே கருவியை ஒரே முறை ஓட்டி எடுத்த பட்டியலை எந்த நிலையிலும் நம்பக் கூடாது.

இரண்டாம் கேள்வி, அந்த எண் பயனரின் காத்திருப்பைப் பற்றியதா என்பது. மிகப் பெரிய ஏமாற்றம் இங்கேதான். குற்றாலத்தில் விடுதி நடத்துபவர் சீசன் நேரத்தில் தொலைபேசியில் சொல்லும் புகார், “பில் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு தம்பி” என்பதுதான். அவருக்குத் தெரிந்த அளவை, பட்டனைத் தொட்டதிலிருந்து பில் வரும்வரை ஆன மொத்த நேரம். பெர்ஃப், ஜிப்ரோஃப் போன்றவை வழக்கமான அமைப்பில் அளப்பது சிபியூ உண்மையில் உழைத்த நேரத்தை மட்டும். டேட்டாபேஸ் பதிலுக்காகவோ, இன்னொரு இழை வைத்திருக்கும் லாக்குக்காகவோ, நெட்வொர்க்குக்காகவோ நிரல் தூங்கிக்கொண்டிருந்தால் அந்த நேரம் கணக்கில் வராது. சீசன் நாளில் ஐந்தருவியில் அருவிக்கு அடியில் நிற்பது சில நிமிடம், வரிசையில் நிற்பது அதற்குப் பல மடங்கு. அருவிக்கு அடியில் இருப்பவர்களை மட்டும் எண்ணுகிறவருக்கு வரிசை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதை எண்ணால் பார்ப்போம். ஒரு பக்கம் திறக்க 2,000 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சிபியூ உழைத்தது 200, காத்திருப்பு 1,800. விடையை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் பகுதி 40 சதவீதம் எடுக்கிறது என்று புரொஃபைலர் சொல்கிறது. அது 200-இல் 40 சதவீதம், அதாவது 80 மில்லி நொடி. அணி இரண்டு வாரம் உழைத்து அதை முழுவதுமாக ஒழித்துவிட்டாலும் பக்கம் 1,920 மில்லி நொடியில்தான் திறக்கும். பயனருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அணியின் அறிக்கையில் “முதலிடத்தில் இருந்த சிக்கல் தீர்ந்தது” என்று இருக்கும், பட்டியலும் அதை ஆமோதிக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. 40 சதவீதம் என்பது எதில் 40 சதவீதம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்தக் குறைக்கு மருந்து இருக்கிறது. அசிங்க்-புரொஃபைலரில், தூங்கும் இழைகளையும் சேர்த்துக் கடிகார நேரப்படி மாதிரி எடுக்கும் முறை உண்டு. ஜாவா ஃபிளைட் ரெக்கார்டர், லாக்குக்காகவும் கோப்புக்காகவும் நெட்வொர்க்குக்காகவும் நீண்ட நேரம் காத்திருந்ததைத் தனித்தனி நிகழ்வாகப் பதிவுசெய்கிறது. 2018-இல் வந்த ஜேடிகே 11 முதல் அது திறந்த மூலமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையையும் தொடக்கம் முதல் முடிவுவரை பின்தொடரும் கண்காணிப்புச் சேவைகள் டேட்டாபேஸ் குவெரிக்கு எவ்வளவு, வெளி அழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகின்றன. ஆக இந்தக் குறை புரொஃபைலர் என்ற இனத்தின் குறை அல்ல. வழக்கமான அமைப்பை அப்படியே ஓட்டி, வந்த படத்தை அப்படியே நம்பும் பழக்கத்தின் குறை. பிரண்டன் கிரெக் 2011-இல் உருவாக்கிய ஃபிளேம் கிராஃப் இந்தப் பழக்கத்தை ஓரளவு வளர்த்தும் விட்டது. ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஒரே பார்வையில் அடக்கும் அருமையான படம் அது. ஆனால் இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது என்று நினைத்துப் படிப்பவர்கள் நிறைய. அந்தத் திசையில் இருப்பது பெயர்களின் அகரவரிசை. அதில் அகலத்துக்கு மட்டுமே பொருள் உண்டு, அந்த அகலமும் எந்த நேரத்தை அளந்தோமோ அதையே சொல்லும்.

மூன்றாம் கேள்வி, எதைத் திருத்தினால் வேகம் கூடும் என்பது. இதற்குப் புரொஃபைலரிடம் விடை இல்லை. நேரம் எங்கே போனது என்பது கடந்ததைப் பற்றிய தகவல். இதை மாற்றினால் என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. நிரல் ஒரே இழையில் ஓடிய காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பல இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் இன்றைய சர்வரில் அப்படி இல்லை. இரண்டு இழைகள் பக்கம்பக்கமாக ஓடி, இரண்டும் முடிந்த பிறகே விடை வருகிறது என்றால், சீக்கிரம் முடியும் இழையில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் விடை ஒரு நொடிகூட முன்னால் வராது. புரொஃபைலரோ இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டும்.

இந்த இடைவெளியை நேராக எதிர்கொண்டவர்கள் சார்லி கர்ட்சிங்கரும் எமெரி பெர்கரும். 2015-இல் அவர்கள் வெளியிட்ட காஸ் என்ற கருவி ஒரு வரியை வேகப்படுத்துவதாகப் பாவனை செய்கிறது. அந்த வரி ஓடும்போதெல்லாம் மற்ற இழைகளைச் சிறிது நிறுத்திவைத்து, இது மட்டும் வேகமாகியிருந்தால் மொத்தத்தில் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறது. வழக்கமான புரொஃபைலரில் கண்ணுக்கே தெரியாத அளவு பங்கு வகித்த சில சின்ன ஃபங்ஷன்களை அது சுட்டிக்காட்டியது. அவற்றைத் திருத்தியபோது பல இழைகளில் ஓடிய எஸ்க்யூலைட் 25 சதவீதம் வேகமானது. ஒரே மென்பொருளில் எண்ணிக்கைக் கருவியும் வென்றது, காரணம் தேடும் கருவியும் வென்றது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொன்னதால்தான் அது சாத்தியமானது.

திருத்தத்தின் பலனைப் போலவே சுமையின் விளைவையும் பட்டியல் சொல்லாது. 2025 செப்டம்பரில் ஜோஹோவின் அரட்டை செயலிக்குப் புதிதாகப் பதிவு செய்தவர்கள் நாளொன்றுக்கு 3,000 என்ற நிலையிலிருந்து மூன்றே நாளில் 3,50,000-க்குப் போனதாகவும், உள்கட்டமைப்பை அவசரமாகக் கூட்டிவருவதாகவும் அந்நிறுவனத்தின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பொதுவெளியில் தெரிவித்தார். எந்த மென்பொருளுக்கும் இப்படி ஒரு வாரம் வரலாம். அமைதியான நாளில் எடுத்த புரொஃபைல் அந்த வாரத்தைப் பற்றி என்ன சொல்லும்? எளிய வரிசைக் கணிதத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக 10 மில்லி நொடி உழைக்கும் ஒற்றைச் சர்வர், தாறுமாறாக வந்து சேரும் கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் உழைப்பும் அதேபோல் தாறுமாறு. சர்வர் பாதி நேரம் வேலையில் இருந்தால் சராசரியாக 20 மில்லி நொடியில் பதில் வரும். 90 சதவீத நேரம் வேலையில் இருந்தால் 100 மில்லி நொடி. 95 சதவீதம் என்றால் 200. மூன்று நிலையிலும் ஒரு கோரிக்கைக்கான சராசரி உழைப்பு அதே 10 மில்லி நொடிதான். ஆகவே சிபியூ புரொஃபைலின் சதவீதங்களும் மூன்றிலும் ஒன்றுபோலவே இருக்கும். பயனரின் காத்திருப்பு பத்து மடங்கானதை அந்தப் படத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. புரொஃபைலர் இல்லாவிட்டால் பொறியாளர் ஊகத்தை நம்புவார். ஊகம் இதைவிட மோசம். குறையுள்ள அளவைகூட அளவே இல்லாததைவிட மேல் அல்லவா? பாதிவரை ஒப்புக்கொள்கிறேன். நூத் காட்டியதுபோல் எங்கே தேடத் தொடங்குவது என்பதில் ஊகத்தைவிடப் புரொஃபைலர் பல மடங்கு மேல். ஆனால் ஊகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதைச் சொல்பவருக்கே சந்தேகம் இருக்கும், அடுத்தவர் மறுத்துப் பேசவும் இடம் இருக்கும். தசமப் புள்ளியோடு வரும் சதவீதம் அந்தச் சந்தேகத்தை வாயடைத்துவிடுகிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் பொறியாளர் “லாக்கில்தான் சிக்கல் என்று தோன்றுகிறது” என்று சொல்ல வாயெடுத்து, திரையில் 40 சதவீதத்தைப் பார்த்ததும் பேசாமல் விட்டுவிடுகிறார் என்றால், தவறான இடத்தில் வைத்த அளவை ஊகத்தைவிடக் கெடுதல் செய்திருக்கிறது.

எனவே என் தீர்ப்பு இது. சந்தேகத்துக்குரிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியாகப் புரொஃபைலர் முழுத் தேர்ச்சி பெறுகிறது. மென்பொருள் எழுதும் எந்த அணியும் அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கக் கூடாது. திருத்தம் பலித்ததா என்று முடிவு சொல்லும் கருவியாக அது தோற்கிறது. அந்த முடிவைச் சொல்லும் தகுதி ஓர் அளவைக்கு மட்டுமே உண்டு: உண்மையான சுமையில், பயனரின் கையிலிருந்து அளந்த மொத்த நேரம். அதையும் சராசரியாகப் பார்க்காமல், நூறு கோரிக்கைகளில் 95 எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன, 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்று பார்க்க வேண்டும். சராசரி நன்றாக இருக்கும்போதே சிலர் கடுமையாகக் காத்துக்கொண்டிருப்பார்கள். புகார் சொல்பவர்கள் அவர்கள்தான்.

இந்தத் தீர்ப்பிலிருந்து வேலை முறையும் தானாக வருகிறது. புரொஃபைலரைத் திறப்பதற்கு முன்பே அந்த மொத்த நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பிறகு கடிகார நேரப்படி அளந்து, காத்திருப்பா உழைப்பா எது பெரியது என்று பார்க்க வேண்டும். உழைப்புதான் பெரியது என்றால் மட்டுமே சிபியூ புரொஃபைல். அதையும் வேறு வழியில் மாதிரி எடுக்கும் இன்னொரு கருவியால் சரிபார்க்க வேண்டும். திருத்திய பிறகு முதலில் எழுதிவைத்த எண்ணையே மறுபடி, பல முறை அளக்க வேண்டும். அது அசையவில்லை என்றால், பட்டியல் எவ்வளவு அழகாக மாறியிருந்தாலும், திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். பலனில்லாத வேகத் திருத்தம் நிரலைச் சிக்கலாக்கியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

பிளஸ் டூ, டிப்ளமா முடித்த பிள்ளைகளைச் சேர்த்து மென்பொருள் கற்றுக்கொடுக்கும் ஜோஹோ பள்ளி தென்காசியிலும் நடக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் பொறியியல் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் இந்தத் தொழிலுக்கு வருகிறது. கருவியை எப்படி ஓட்டுவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும். 40 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்ததும் “எதில் 40?” என்று கேட்கும் பழக்கத்தை ஊட்டத்தான் ஆசிரியர்களும் மூத்த பொறியாளர்களும் மெனக்கெட வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் கையில் சாதாரணப் புரொஃபைலரும் போதுமானது. கேட்கத் தெரியாதவருக்கு விலையுயர்ந்த கருவி எதை வாங்கிக் கொடுத்தாலும் பயன் இல்லை.